சூடு என்றார்கள்

எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பேருந்து இருக்கை, கடை வாசல் பெஞ்சு, சொந்த வீட்டு முக்காலி, எதுவானாலும் சரி. எழுந்ததும் அரை நொடி நின்று, உட்கார்ந்திருந்த இடத்தைக் கண்ணாலேயே துடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். பொருளை மறந்து வைத்தவர்கள் பையையும் குடையையும் தேடுவார்கள். அக்காவின் பார்வை எதையும் தேடாது. வெறும் இடத்தை மட்டும் பார்க்கும்.

வேலை செய்யும் இடத்தில் இது ஊரறிந்த கேலி.

"என்ன மடிப்பு, முட்டை போட்டுட்டியா? மறக்காம எடுத்துக்கோ."

"அவ நாற்காலிக்குத் திருஷ்டி கழிக்கிறாடி. விடு."

அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்ப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சின்னவளுக்கு அது நன்றாகத் தெரியும். தங்கையான அவள்தான் அக்காவோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி வளர்ந்தவள். அப்பா இல்லாத வீட்டில் அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாள். சின்னவள் கல்லூரி வரை போனாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கிய அன்று அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி, மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். கையில் கிடைத்ததையெல்லாம் நாலு மூலை சேர்த்து மடிப்பவள், அன்றைக்கு மடிக்கவில்லை.

அக்காவின் வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். முன்வாசலில் கண்ணாடிக் கதவு, பூச்சாடி. பின்பக்கம் சமையலறைக் கழிவுக் குழாய்க்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே தகரக் கூரை போட்ட நீளமான அறை. அங்கே நீராவியில் ஓடும் பெரிய உருளை இஸ்திரி ஒன்று உண்டு. ரோலர் என்பார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈரப் படுக்கைவிரிப்பை ஊட்டுவார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் அனலாக வருவதை வாங்குவார்கள். அக்கா வாங்குகிற பக்கம். வயிற்றுக்கு நேரே அனல் அடிக்கும்.

கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவளுக்கு வெள்ளைப்படத் தொடங்கியது. அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கூச்சத்தோடு கூச்சமாக, ரோலர் அருகே வெகுகாலமாக நின்ற மூத்த தொழிலாளியிடம் சொன்னாள். அந்த அம்மாளை எல்லாரும் 'கங்காணி' என்பார்கள். யாரையும் மேய்க்கும் பதவி அவளுக்கு இல்லை, வாய் மட்டும் இருந்தது.

"சூடுடி, வேறென்ன? இரும்புச் சூடு கால் வழியா ஏறும், வெள்ளையா இறங்கும். இங்க நின்னவளுக்கெல்லாம் இருக்கு. நான் பார்க்காத சூடா?"

உண்மையிலேயே அங்கே நின்ற பெண்களில் பலருக்கும் அது இருந்தது. அவரவர் காரணம் அவரவர் உடம்புக்குள். ஆனால் ரோலர் கண்ணெதிரே புகைந்துகொண்டிருக்கும்போது வேறு காரணத்தைத் தேடிப் போக யாருக்குத் தோன்றும்? வெள்ளரிக்காய் தின்றார்கள். ஈரத் துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டார்கள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அக்கா ரோலரை விட்டு மடிப்பு மேசைக்கு மாறினாள். அப்படித்தான் அவளுக்கு 'மடிப்பு' என்று பெயர் வந்தது. அனல் போய்விட்டது. சூடு மட்டும் போகவில்லை.

வருஷங்கள் போயின. குழந்தை நிற்கவில்லை. மாமியார் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்கா காதில் விழும்படி அதைக் கொஞ்சுவாள். அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அக்காவின் கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர். ரசமட்டம் என்று பட்டப்பெயர். தரை சரிமட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் குமிழிக் கட்டையை விட்டு அவர் பிரிந்ததே இல்லை. விருந்துக்குப் போன வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் சாய்வு, ரசம் ஓடிடும், பார்த்து ஊத்துங்க" என்பார். வேலைக்காகக் குழுவோடு வெளியூர் போவார், மாதக்கணக்கில் தங்குவார். குடி இல்லை. கை ஓங்கியதில்லை. சின்னவளைக் கண்டால், "வாங்க பட்டதாரி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க" என்பார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சின்னவளுக்கு இன்றைக்கும் பெரிய சங்கடம் அதுதான்.

ஒரு நாள் காய்ச்சலும் வயிற்று வலியுமாக அக்கா சுருண்டு கிடந்தபோது, சின்னவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் அம்மா பரிசோதித்தார், மாதிரி எடுத்தார், மறுபடி வரச் சொன்னார். மறுபடி போனபோது ஒரு நர்ஸ் இருவரையும் திரை மறைவில் உட்கார வைத்துப் பேசினார். நடுத்தர வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"இது சூடு இல்லம்மா. கிருமி. கிளமிடியான்னு பேரு. படுக்கையில ஒருத்தர்கிட்டயிருந்து இன்னொருத்தருக்கு வர்றது. ரொம்ப சாதாரணமா பலருக்கும் இருக்கிறதுதான். மாத்திரையில போயிடும்."

அக்கா தரையைப் பார்த்தாள். "நான் அப்படிப்பட்டவ இல்ல சிஸ்டர்."

"எப்படிப்பட்டவன்னு நான் கேக்கவே இல்லையே."

"அவரும் அப்படி இல்ல. அவருக்கு ஒரு வலி, ஒரு எரிச்சல் எதுவும் கிடையாது."

"ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது. பொம்பளைங்களுக்கும் அப்படித்தான். சத்தமில்லாம உள்ளேயே இருக்கும். எப்ப வந்துச்சு, எங்கிருந்து வந்துச்சுன்னு அதோட நெத்தியில ஒட்டியிருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கலாம். அந்த ஆராய்ச்சி எனக்கு வேண்டாம்."

"அப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து சாப்பிடணும். நீங்க மட்டும் சாப்பிட்டா, குழாயைத் திறந்து விட்டுட்டு தரையைத் துடைக்கிற கதைதான். துடைச்சுகிட்டே இருக்க வேண்டியதுதான்."

அக்கா தலையை நிமிர்த்தினாள். "இதனாலதான் எனக்கு நிக்கலையா?"

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "உள்ள கருக்குழாயில தழும்பு விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாம். இப்பவே நிறுத்திட்டா மேல கெடாம காப்பாத்தலாம். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. எப்ப நாள் தள்ளிப்போனாலும் அன்னைக்கே இங்க ஓடி வந்துடணும். தழும்பு விழுந்த குழாயில கரு நடு வழியிலேயே தங்கிடும். உயிருக்கே ஆபத்து."

கணவரை அழைத்து வரச் சொன்னதற்கு அக்கா, அவர் வெளியூரில் இருக்கிறார், மருத்துவமனை வாசலை மிதிக்கமாட்டார் என்று மென்று முழுங்கினாள். கடைசியில் டாக்டர் கையெழுத்துப் போட்டு அவருக்கும் மருந்து தந்தார். அக்காவுக்கு ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும். அவருக்கு ஒரே வேளையில் விழுங்கும்படி நாலு மாத்திரை.

"உங்க கண்ணு முன்னாடி விழுங்கணும். ரெண்டு பேரும் ஒரு வாரம் தள்ளிப் படுங்க. மூணு மாசம் கழிச்சு ஜோடியா வாங்க, திரும்பப் பரிசோதிக்கணும். வாக்குக் குடுங்க."

"வாக்கு சிஸ்டர். கண்டிப்பா அவரைக் கூட்டிட்டு வரேன்."

எழுந்த அக்கா திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். நர்ஸ் அதைக் கவனித்தார். அவள் தோளைத் தட்டினார். இத்தனை வருஷமாகத் தான் பார்த்துக்கொண்டிருந்ததன் அர்த்தம் சின்னவளுக்கு அந்தக் கணத்தில்தான் புரிந்தது. துணியில் கறை பட்டுவிட்டதோ, இருக்கையில் ஒட்டிவிட்டதோ என்ற பயம். கல்லூரியில் எத்தனையோ படித்திருந்தாள். உள்நாட்டு உற்பத்தி, தேவை, அளிப்பு. ஒரே பாயில் படுத்தவளின் பயத்துக்கு அங்கே ஒரு பாடமும் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் சின்னவள் கேட்டாள். "மாமாகிட்ட நேரா சொல்லிடேன். அவர் என்ன சிங்கமா?"

"சிங்கமா இருந்தா சொல்லிடுவேன்டி. கடிச்சா கடிச்சதோட போகும். இதைக் குடுத்தா நான் அவரைச் சந்தேகப்படறேன்னு ஆகும். அவர் மனசு அங்கேயே உடையும். இல்லேன்னா, 'எனக்கு ஒண்ணுமில்லையே, உனக்கு எங்கிருந்து வந்துச்சு'ன்னு ஒரு கேள்வி வரும். வாய் விட்டுக் கேக்கமாட்டாரு, நல்ல மனுஷன். கண்ணாலயே கேப்பாரு. ரெண்டுல எது நடந்தாலும் பெட்டியோட வெளிய நிக்கப்போறது நான்தான். குழந்தை இல்லாதவளுக்கு அந்த வீட்டுல ஆணி அடிச்சு வச்ச இடம் எதுவும் இல்ல."

பேருந்து வந்தது. இருவரும் ஏறினார்கள்.

ரசமட்டம் ஊர் திரும்பியதும், வழியை அக்காவே கண்டுபிடித்தாள். வீட்டில் மகனுக்குப் பரிமாறும் வேலையை மாமியார் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கும் டப்பா ஒன்றுதான் அக்கா கையில் இருந்தது. நாலு மாத்திரையையும் சப்பாத்திக் கட்டையால் நுணுக்கினாள். நாக்கில் தொட்டுப் பார்த்தாள், வேப்பங்காயாகக் கசந்தது. கசப்பைக் கசப்பில்தான் ஒளிக்க முடியும் என்று பாகற்காய் வாங்கி வந்து, புளியும் காரமும் தூக்கலாகப் போட்டு வதக்கி, பொடியை அதில் கலந்தாள். அவருக்கு வீட்டில் எதைப் போட்டாலும் மூச்சு விடாமல் சாப்பிடுகிற வழக்கம்.

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. திறந்தால் கழுவி வைத்தது போல இருந்தது.

"பாகற்காய் எப்படி இருந்துச்சு? முழுசா சாப்பிட்டீங்களா?"

"டப்பாவைப் பார்த்தா தெரியலையா? நக்கித் தின்னேன். இனிமே அடிக்கடி பண்ணு."

தொலைபேசியில் அக்காவின் குரல் பொங்கியது. "முடிஞ்சுதுடி. நக்கித் தின்னாராம். நான் ஒரு டாக்டர்டி, டாக்டர்!"

அந்த ஒரு வாரம் தலைவலி, முதுகுவலி என்று சாக்குச் சொல்லித் தள்ளிப் படுத்தாள். தன் மாத்திரையை ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். எரிச்சல் நின்றது. வலி நின்றது. அதன் பிறகு ஒரு நாள் அக்காவும் சின்னவளும் பேருந்தில் போய் இறங்கினார்கள். அக்கா இருக்கையை விட்டு எழுந்தாள், பையை எடுத்தாள், நேரே படிக்கட்டை நோக்கி நடந்தாள். திரும்பவே இல்லை. சின்னவள் அவளுக்குப் பதிலாகத் திரும்பி அந்த இருக்கையைப் பார்த்தாள். கிழிந்த ரெக்சின், யாரோ பேனாவால் கிறுக்கியிருந்த ஒரு மீன். வேறொன்றும் இல்லை. இறங்கியதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி?" என்றாள் அக்கா. "சும்மா" என்றாள்.

நல்ல காலம் என்று ஒன்று அக்காவுக்கு இருந்ததானால் அது அந்தக் கொஞ்ச நாள்தான்.

மாமியாரின் சமையலறைத் தரையை மாற்ற ஒரு விடுமுறை நாளில் ரசமட்டத்தின் குழுவே வீட்டுக்கு வந்தது. சின்னவளும் ஒத்தாசைக்குப் போயிருந்தாள். கல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் மனிதர் ஒருவர் உண்டு, கட்டர் என்று கூப்பிடுவார்கள். சர்க்கரை நோயாளி, பெரிய வாய்க்காரர். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"அண்ணி, இன்னைக்குப் பாகற்காய் இல்லையே? உயிர் தப்பிச்சோம்."

அக்காவின் கரண்டி நின்றது. "ஏண்ணே?"

"ஏனா? சைட்டுல எங்க வழக்கம் தெரியும்ல. ஒரு பெரிய பேப்பரை விரிச்சு எல்லா டப்பாவையும் கொட்டிடுவோம். எவன் வீட்டுச் சாப்பாடுன்னு கிடையாது, அள்ளித் திங்க வேண்டியதுதான். உங்க ஆளு பாகற்காயைக் கண்ணால பார்த்ததும் மூஞ்சி அஷ்டகோணலாகி என் பக்கம் தள்ளிவிட்டுட்டாரு. 'சர்க்கரைக்கு நல்லது, நீ தின்னு'ன்னு. நானும் பாசமா குடுக்கிறாரேன்னு முக்கால்வாசியைத் தின்னுட்டேன். அன்னைக்குப் பிடிச்ச வயித்துப்போக்கு அண்ணி! ரெண்டு நாள் நான் வெட்டினது கல்லு இல்ல, கக்கூஸ் வாசலுக்குப் பாதை."

எல்லாரும் சிரித்தார்கள். ரசமட்டமும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "டேய், சும்மா இருடா. ஆசையா பண்ணினாளே, மனசு நோகுமேன்னு சொல்லாம விட்டேன்."

அக்கா முக்காலியை விட்டு எழுந்தாள். திரும்பி முக்காலியைப் பார்த்தாள்.

அதைச் சின்னவள் பார்த்துவிட்டாள். கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கும் சாக்கில் அக்காவைப் பிடித்தாள்.

"மறுபடி வந்துடுச்சா?"

"வந்து ஒரு மாசம் ஆகுது. ரோலர் பக்கம் ரெண்டு நாள் நின்னேன், அந்தச் சூடுன்னு நினைச்சேன்."

"அக்கா! சூடுன்னு ஒண்ணு கிடையாதுன்னு சிஸ்டர் அவ்வளவு சொன்னாங்களே."

"தெரியும்டி. நம்பணும்போல இருந்துச்சு, நம்பினேன்."

"இப்பவே போலாம். நாளைக்கே போலாம்."

அக்கா சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குனிந்த தலை நிமிராமல், "நாள் தள்ளிப்போயிருக்கு" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறி இறங்கியது. இத்தனை வருஷம் கழித்து.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. "அப்படின்னா அன்னைக்கே ஓடி வரணும்னு சொன்னாங்களே?"

"போனா முதல்ல என்ன கேப்பாங்க? 'உங்க வீட்டுக்காரர் எங்க?' வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். என்னன்னு சொல்ல? கட்டருக்குக் குடுத்துட்டேன், அவர் குணமாயிட்டாருன்னா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சின்னவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அது வேறு சத்தமாகக் கேட்கிறது.

"குழந்தை தங்கட்டும்டி. வயிறு தெரியட்டும். அப்புறம் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். வயித்துல பிள்ளையோட நிக்கிறவளை யாரும் வெளிய அனுப்பமாட்டாங்க. அவரைக் கையோட கூட்டிட்டுப் போய் சிஸ்டர் முன்னாடி நிறுத்துறேன். வெறுங்கையோட அந்த அம்மா முகத்துல முழிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

நேர்மையானவர்களின் வெட்கம் அப்படித்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல், காப்பாற்றச் சொன்ன இடத்துக்கே போக முடியவில்லை. சின்னவள் வற்புறுத்தினாள், கோபித்தாள், கெஞ்சினாள். "அடுத்த வாரம்" என்றாள் அக்கா.

அந்த வாரம் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசையருகே, விரிப்பின் ஒரு முனையை அக்காவும் மறுமுனையைக் கங்காணியும் பிடித்திருந்தார்கள். மூலைகளைச் சேர்க்க இருவரும் நெருங்கி வரும்போது அக்கா, "தோள்ல யாரோ குத்துற மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த நொடி விரிப்போடு மடிந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைக் குறைவில்லாமல் செய்தார்கள். மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்தார்கள். ஈரத் துண்டை வயிற்றில் போட்டார்கள். காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டார்கள்.

"சூடு முத்திடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் கங்காணி.

உடம்பு ஆறிக்கொண்டே போனது. பயந்துபோய் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது, கருக்குழாய் வெடித்து உள்ளே ரத்தம் நிறைந்திருந்தது. சின்னவள் அலுவலகத்திலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பின் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரம் கோணலாகத் தொங்கியது. அதை இழுத்துச் சரிசெய்ய அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சின்னவள்தான் செய்தாள்.

ஒரு மாதம் கழித்து அவள் ரசமட்டத்தைத் தேடிப் போனாள். கட்டி முடியாத ஒரு வீட்டின் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கல் பதித்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் பட்டதாரி என்று கூப்பிடவில்லை. ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

சின்னவளின் வேலை தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவது. கோபக்காரர்களை ஆற்றுவது, குழம்பியவர்களுக்குப் புரிய வைப்பது. அந்தப் பழக்கத்தில், வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிருமி. மாத்திரை. பாகற்காய். குழாய்.

அவர் கேட்டு முடித்து, கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "யார்கிட்டயிருந்து?" என்றார்.

"மாமா?"

"அவளுக்கு. யார்கிட்டயிருந்து வந்துச்சு? ஹோட்டல் வேலை. ஆயிரம் பேர் வந்து போற இடம்."

"உங்ககிட்டயிருந்து மாமா. உங்களுக்கு வெளிய தெரியாது. இப்பவும் இருக்கலாம். நீங்க ஒரு தடவை வந்து பரிசோதிச்சுக்கிட்டாப் போதும். நான் கூட வர்றேன்."

"எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேனேம்மா." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. "அதான் என்கிட்ட சொல்லாம மறைச்சாளா? பாகற்காயில போட்டு... என்கிட்ட மறைக்க அவளுக்கு ஏதோ இருந்திருக்கு."

"மறைச்சது பயத்துல!"

"போதும். செத்தவ பேரை நான் கெடுக்கமாட்டேன். நீயும் கெடுக்காத. உங்க அம்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் கனிந்திருந்தது. "நான் அவளை மன்னிச்சுட்டேன்."

அவர் மனதார மன்னித்தார். அதில் பொய் இல்லை. அக்கா எந்தக் கேள்விக்குப் பயந்து உயிரையே விட்டாளோ, அந்தக் கேள்வி அவள் இல்லாத கூடத்தில் கேட்கப்பட்டு, பதிலும் எழுதப்பட்டு, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அவர் ரசமட்டக் கட்டையைத் தரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். நின்றது.

வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு மறுமணம் ஆயிற்று. கொஞ்ச காலத்தில் மாமியார் சொல்லி அனுப்பினாள். பெரியவளின் துணிப்பெட்டி இங்கே கிடக்கிறது, அலமாரியில் இடம் வேண்டும், வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று.

சின்னவள் போனபோது வீட்டில் புதியவள் மட்டும் இருந்தாள். வயதில் சின்னவளை விடச் சிறியவள். மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் வேலை. வீட்டுக்குள்ளும் காலில் கம்பளி உறை போட்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. பெட்டியைத் தானே துடைத்து எடுத்து வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள்.

"உக்காருங்கக்கா. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா? முகம் வாடியிருக்கு."

"அடிவயித்துல வலி வந்து வந்து போகுது. வேற ஒண்ணுமில்ல, சூடுன்னு அத்தை சொல்றாங்க." அவளுக்கே சிரிப்பு வந்தது. "நாள் பூரா ஐஸுக்கு நடுவுல நிக்கிறேன். மூக்கெல்லாம் விறைச்சுப் போகுது. எனக்கு எங்கிருந்துக்கா சூடு வரும்? ஆனா வந்திருக்காம்."

டம்ளர் சின்னவளின் கையில் அப்படியே நின்றது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். போனால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பெட்டியின் மேலே நாலு மூலையும் சேர்த்து மடித்த ஒரு துண்டு இருந்தது.

"அது சூடு இல்லம்மா. கிருமி" என்று தொடங்கினாள். நர்ஸ் சொன்ன வார்த்தைகளை நர்ஸ் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். சாதாரணமாக வருவது. மாத்திரையில் போவது. இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டியது. "நான் கூட்டிட்டுப் போறேன். நல்ல சிஸ்டர். ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க."

புதியவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"நான் அப்படிப்பட்டவ இல்ல."

"எப்படிப்பட்டவன்னு நான் கேக்கலையே."

"அவர் சொல்லியிருக்காரு" என்றாள் புதியவள். குரலைத் தாழ்த்தினாள், அதில் ஒரு இரக்கம்கூட இருந்தது. "உங்க அக்காவுக்கு என்ன வியாதி, எப்படி வந்துச்சுன்னு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு. பாவம், அதைச் சொல்லி அழுதாரு. உங்க வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரியுதுக்கா. அதுக்காக அதைக் கொண்டு வந்து இந்த வீட்டுல வைக்காதீங்க."

சின்னவள் மருத்துவமனையின் பெயரையும் நர்ஸ் உட்காரும் அறையையும் சொன்னாள். திரை போட்ட அறை, மாடிப்படிக்குப் பக்கத்தில். புதியவள் கேட்டாளோ இல்லையோ, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி கனமாகவே இல்லை.

அதன் பிறகு ஒரு முறை சின்னவள் தனியாக அந்த மாடிப்படி வரை போனாள். திரை பாதி விலகியிருந்தது. நர்ஸ் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், கண்ணாடிக் காலில் அதே பிளாஸ்திரி. சின்னவளை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்க, உங்க அக்கா? ஜோடியா வரேன்னு வாக்குக் குடுத்துட்டுப் போனாங்களே?"

சின்னவள் சொன்னாள். நர்ஸ் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "அவர்?" என்று மட்டும் கேட்டார்.

"வரமாட்டேங்கிறாரு."

"அந்தப் பொண்ணு?"

சின்னவள் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அக்கா கொடுத்துவிட்டுப் போன அந்த வாக்கு இன்னும் பாக்கி நிற்கிறது.